பெற்றோல் இல்லாத நாளில் உங்கள் பிள்ளை எங்கே போக முடியும்?

தனியார் வாகன இறக்குமதிக்கான தடை 2025 பெப்ரவரி முதலாம் திகதி நீக்கப்பட்டதிலிருந்து நமது வீடுகளில் ஒரு பேச்சு ஓயவில்லை. எந்த வாகனம், எத்தனை இலட்சம், லீசிங் எங்கே எடுக்கலாம், மாதத் தவணை எவ்வளவு? கல்யாண வீட்டிலும் இதே பேச்சு, ஜனாஸா வீட்டு முற்றத்திலும் இதே பேச்சு. 2020 மார்ச் முதல் மூடிக் கிடந்த கதவு திறந்தால் சனம் முண்டியடிக்கத்தான் செய்யும். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தத் தவணைப் பத்திரத்தில் கையெழுத்து வைப்பதற்கு முன், 2022இல் நமக்கு நடந்த ஒரு பரீட்சையை நினைவுபடுத்த விரும்புகிறேன். நான் ஆசிரியன். பரீட்சைப் பெறுபேற்றை மறந்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போகும் பிள்ளை மறுபடியும் அதே பிழையைத்தான் விடும்.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி நினைவிருக்கும். பெற்றோல் வரிசை பிரதான வீதியிலிருந்து ஒழுங்கைக்குள்ளும் நீண்டது. வாகனத்துக்குள்ளேயே இரவு தூங்கினார்கள். கியூ.ஆர். குறியீட்டு முறை வரும்வரை நாளை என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஜூன் மாதப் பிற்பகுதியில் கொழும்பு உள்ளிட்ட நகர்ப்புறப் பாடசாலைகளை அரசாங்கம் மூடியது. கட்டடம் இருந்தது, ஆசிரியர் இருந்தார், பிள்ளை இருந்தது. பிள்ளையும் ஆசிரியரும் கட்டடத்துக்கு வந்து சேர வழி இருக்கவில்லை. அதே நேரம் போக்குவரத்துப் பிரச்சினை இல்லாத கிராமப்புறப் பாடசாலைகள் இயங்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் நடந்து போனார்கள்.

கிராமத்தில் வசதி குறைவு, நகரத்தில் எல்லாம் இருக்கிறது என்றுதான் நாம் படித்தோம், படிப்பித்தோம். எரிபொருள் தீர்ந்த அன்று அந்தப் பாடம் தலைகீழாக மாறியது. நகரத்தில் எல்லாம் இருந்தது, ஆனால் எதுவும் கிட்டே இல்லை.

இதை வகுப்பறையில் ஒருமுறை வேறு விதமாகக் கண்டேன். தரம் 8 மாணவர்களிடம், வீட்டிலிருந்து பாடசாலைக்கு வரும் வழியை வரைபடமாக வரையச் சொன்னேன். பக்கத்துத் தெருக்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளின் தாளில் இடம் போதவில்லை. பேக்கரி, தையல் கடை, பள்ளிவாசல், தண்ணீர்க் குழாய், பந்து விழுந்தால் ஏசும் மாமியின் வீடு என்று நிரப்பிவிட்டார்கள். புறநகரிலிருந்து வேனில் வரும் பிள்ளைகளின் தாளில் ஒரு மூலையில் வீடு, மறு மூலையில் பாடசாலை, நடுவில் ஒரு நீண்ட கோடு. ஒரு மாணவன் அந்தக் கோட்டின் மேல் "இங்கே நான் தூங்குவேன்" என்று எழுதியிருந்தான். விடியற்காலை ஐந்தரைக்கு வேனில் ஏறும் பிள்ளை வேறு என்ன எழுதும்?

அவனுடைய தந்தையிடம் பிறகு பேசினேன். "சேர், காணி மலிவாக் கிடைச்சிது, அதான் போனோம். அதில மிச்சம் பிடிச்ச காசெல்லாம் இப்ப வேனுக்கும் ஓட்டோவுக்கும்தான் போகுது" என்றார். நமது சமூகத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கதை இந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும்.

கொழும்பு மாநகர சபையின் எல்லைக்குள் இருப்பது சுமார் 37 சதுர கிலோமீற்றர்தான். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அதில் வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 5 இலட்சத்து 60 ஆயிரம் பேர். மேல் மாகாணத்தின் மொத்தச் சனத்தொகையோ அப்போது 58 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. நாம் கொழும்பு என்று பேச்சுவழக்கில் சொல்லும் நகரத்தின் பெரும்பகுதி, கொழும்பு மாநகர சபைக்கு வெளியேதான் இருக்கிறது. காலி வீதி, கண்டி வீதி, நீர்கொழும்பு வீதி, ஹைலெவல் வீதி, அவிசாவளை வீதி ஆகியவற்றின் இருபக்கமும் நாடா போல அது நீண்டு வளர்ந்தது. வீதிகளுக்கு இடையில் இருந்த வயலும் சதுப்பும் தென்னந்தோட்டமும் துண்டு துண்டாக விற்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு முட்டுச் சந்து போடப்பட்டது. பின்வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போவதற்குப் பிரதான வீதிக்கு வந்து சுற்றித்தான் போகவேண்டும்.

இந்த நகரத்துக்குத் திட்டம் இல்லாமல் இருக்கவில்லை. பெட்ரிக் கெடிஸ் 1921இல் கொழும்புக்கு ஒரு திட்டம் தந்தார். 1940களின் இறுதியில் அபர்குரொம்பி இன்னொன்றைத் தந்தார். 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபை உருவானது. 1899இல் ஓடத் தொடங்கிய ட்ராம் வண்டி 1960 வரை இந்த நகரத்தில் ஓடியது. அதை நிறுத்தினோம். பிறகு வந்த ட்ரொலி பஸ்ஸையும் 1960களில் நிறுத்தினோம். மாலபேயிலிருந்து கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றர் இலகு ரயில் பாதைக்கு ஜப்பான் கடன் தர முன்வந்தது. 2020 செப்டெம்பரில் அதையும் அரசாங்கம் கைவிட்டது. பொதுப் போக்குவரத்தில் ஒவ்வொரு கதவாக மூடப்பட மூடப்பட, சொந்த வாகனம் ஆடம்பரம் என்ற நிலையிலிருந்து கட்டாயம் என்ற நிலைக்கு வந்துவிட்டது.

காணி துண்டாடலுக்கும் ஒரு விதி உண்டு. நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல் ஒழுங்குவிதிகளின்படி ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடினால், வீதி தவிர்ந்த பரப்பில் 10 வீதத்தைச் சமூகப் பயன்பாட்டுக்கும் விளையாட்டு, பொழுதுபோக்குக்கும் ஒதுக்க வேண்டும். ஒரு ஹெக்டேயர் என்பது சுமார் 395 பேர்ச்சஸ், ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதற்குக் குறைந்த காணிக்கு இந்தக் கடப்பாடு இல்லை. கொழும்பைச் சுற்றி விற்பனைக்கு வரும் காணிகளில் பல ஒரு ஏக்கர், ஒன்றரை ஏக்கர் அளவானவை. அப்படிப் பத்துக் காணிகள் அடுத்தடுத்துத் துண்டாடப்பட்டால் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் வந்துவிடும். விளையாட ஒரு அடி நிலம்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. யாரும் சட்டத்தை மீறியிருக்க மாட்டார்கள். பிள்ளைகள் மாத்திரம் ஒழுங்கையில் பந்து அடித்து ஏச்சு வாங்குவார்கள்.

இதில் நமது சமூகத்துக்குரிய பங்கு என்ன? மருதானை, மாளிகாவத்தை, புதுக்கடை, கொம்பனித்தெரு போன்ற இடங்களில் நாம் நெருக்கடிக்குள் வாழ்ந்தோம் என்பது உண்மை. ஒரே வீட்டில் மூன்று குடும்பங்கள், வரிசையில் நின்று பாவிக்கும் மலசலகூடம். ஆனால் பாடசாலை, பள்ளிவாசல், மருந்தகம், சந்தை, மையவாடி எல்லாம் நடை தூரத்தில் இருந்தன. இடம் போதாமல் வெளியே வந்தவர்கள் கொலன்னாவை, வெல்லம்பிட்டி, மாபோல, ஹெந்தல, தெஹிவளை, மல்வானை என்று பரந்தார்கள். சுவர் கிடைத்தது, கூரை கிடைத்தது, சொந்தக் குளியலறை கிடைத்தது. விட்டு வந்த மற்றவை கூட வரவில்லை.

காணி ஏன் மலிவாக இருந்தது என்பதைச் சிலர் பிறகுதான் அறிந்தார்கள். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் மூழ்கின. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள் போயின. தண்ணீர் தேங்கும் நிலத்தையும் நகரத்தின் குப்பையையும் ஒரே திசைக்குத் தள்ளிவிட்டு, அதே திசைக்கு ஏழைகளையும் நடுத்தரக் குடும்பங்களையும் நகரம் தள்ளியது.

பிள்ளைகளின் விடயத்தில் நமக்கு இன்னொரு சுமை உண்டு. புதிய இடத்தில் பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் சிங்கள மொழிப் பாடசாலை. தமிழ் மொழியில் படிக்க வேண்டுமென்றால் மறுபடியும் கொழும்புக்கு வரவேண்டும். தரம் ஒன்று அனுமதியில் ஆகப் பெரிய பங்கு அண்மையில் வசிப்போருக்கே என்பதால், சிலர் உம்மாவின் பழைய வீட்டு முகவரியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையின் நாளில் மூன்று மணித்தியாலம் வேனில் போகிறது. மாலையில் விளையாட நேரமில்லை, மக்தபில் கண் சொக்குகிறது. பிள்ளை படிப்பதில்லை என்று பெற்றோர் என்னிடம் முறையிடும்போது, முதலில் எத்தனை மணிக்கு எழும்புகிறது என்றுதான் நான் கேட்கிறேன்.

நகரத்திலேயே தங்கிய ஏழைகளுக்குத் தொடர்மாடி கிடைத்தது. 2010க்குப் பின்னர் வந்த நகர மறுமலர்ச்சித் திட்டத்தில் பல தோட்டங்களின் குடும்பங்கள் உயர்ந்த மாடிகளுக்கு மாற்றப்பட்டன. உறுதியான சுவரும் தனி மலசலகூடமும் சிறிய விடயமல்ல. ஆனால் வாசலில் இடியப்பம் விற்ற பெண் பத்தாம் மாடியில் யாருக்கு விற்பார்? வயதானவர் மின்தூக்கி பழுதான நாளில் ஜமாஅத்துக்கு எப்படிப் போவார்? வீட்டைக் கட்டியவர்கள் அந்த வீட்டைச் சுற்றி இருந்த வாழ்க்கையை எண்ணிப் பார்க்கவில்லை.

வாகனம் இருந்தால் இவையெல்லாம் தீரும் என்பது நியாயமான வாதம். நெரிசலான பஸ்ஸில் தொல்லைக்கு ஆளாகும் நமது சகோதரிகளிடம் போய் வாகனம் வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு முகமில்லை. இரவில் நோயாளியைக் கொண்டுபோக வேண்டிய வீட்டுக்கும் அது தேவை. ஆனால் எல்லோரும் வாங்கியபின் எல்லோரும் ஒரே வீதியில்தான் நிற்கப் போகிறோம். வாகனத்துக்காக வீதி அகலும்போது முதலில் காணாமல் போவது நடைபாதை. இந்த நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் கணிசமானோர் பாதசாரிகள். சுதந்திர சதுக்கத்திலும் தியத்த உயனவிலும் அழகான நடைபாதைகள் உண்டு. அங்கே நடப்பதற்காக நாம் காரில் போகிறோம். வீட்டு வாசலில் நடக்க முடியாததால்தான் அப்படிப் போகிறோம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மேம்பாலமும் அதிவேகப் பாதையும் நமது கையில் இல்லை. ஆனால் பிள்ளை நடந்து போவதற்குத் தேவையானவை பெரும்பாலும் சிறிய விடயங்கள், உள்ளூராட்சி மன்றத்தின் கைக்குள் இருப்பவை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொதுப் பாதைகள், மக்களின் வசதியும் நலனும் ஆகியவற்றை அந்தச் சபைகளிடமே ஒப்படைக்கிறது. 2023 மார்ச் முதல் இரண்டு வருடங்களுக்கு மேலாக உறுப்பினர்களே இல்லாமல் இருந்த மன்றங்களுக்கு 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. இப்போது கேட்பதற்கு ஆள் இருக்கிறது. நாம் என்ன கேட்கிறோம்? கார்பட் வீதி கேட்கிறோம். ஒழுங்கைக்கு ஒரு பெயர்ப்பலகை கேட்கிறோம்.

வேறு சிலவற்றையும் கேட்கலாம். திறந்து கிடக்கும் வடிகானுக்கு மூடி போட்டால் அதுவே நடைபாதையாகும். பாடசாலை வாசலுக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் முன்னால் மஞ்சள் கடவையும் வேகத்தடையும் வேண்டும் என்று, பிரதான வீதியாக இருந்தால் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் மன்றத்தின் ஊடாகக் கேட்கலாம். இரண்டு முட்டுச் சந்துகளுக்கு இடையில் நான்கு அடி அகலமான ஒரு நடைவழி கிடைத்தால், பதினைந்து நிமிடச் சுற்று மூன்று நிமிடமாகும். அதற்குக் காணி உரிமையாளர் ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும், அவ்வளவுதான். மாணவர்களுக்கான சிசு செரிய பஸ் சேவையை நமது புறநகர்ப் பாதைகளுக்கு விஸ்தரிக்குமாறு, வேன் கட்டணம் கட்டும் ஐம்பது பெற்றோர் ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டுக் கேட்கலாம். காணி துண்டாடல் அனுமதிக்கு வரும்போது, பக்கத்துப் பக்கத்துக் காணிகளை ஒன்றாகப் பார்த்து விளையாட்டுத் திடலுக்கு இடம் எடுக்க வழி உண்டா என்று உறுப்பினரிடம் சபையில் கேள்வி எழுப்பச் சொல்லலாம்.

நமது கையில் முழுமையாக இருப்பவையும் உண்டு. புதிய குடியிருப்பில் நாம் முதலில் எழுப்புவது பள்ளிவாசல். அது சரிதான். ஆனால் அதன் வரைபடத்தில் வாகனத் தரிப்பிடத்துக்கு ஒதுக்கும் இடத்தில் கால்வாசியைப் பிள்ளைகளின் முற்றத்துக்கும், மேல்மாடியில் ஓர் அறையை வாசிகசாலைக்கும் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? ஜும்ஆ நாளில் வீதியின் இருபக்கமும் வாகனத்தை நிறுத்திவிட்டு, பாதையின் உரிமை பற்றிய குத்பாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த நேரத்தில் சக்கர நாற்காலியோடு போகும் அயலவர், அவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், வாகனங்களுக்கு நடுவில் இறங்கித்தான் போகிறார். நடை தூரத்தில் இருப்பவர்கள் நடந்து வாருங்கள் என்று நிர்வாகம் ஓர் அறிவித்தல் செய்ய ஒரு சதமும் செலவாகாது.

காணி வாங்கப் போகும் இளம் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்திரம் சரியா, தண்ணீர் வருமா, பேர்ச் என்ன விலை என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஒரு நாள் வாகனத்தைத் தூரத்தில் விட்டுவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பாடசாலை, மருந்தகம், பஸ் தரிப்பிடம், கடை, விளையாட ஒரு திடல் ஆகியவற்றில் எத்தனைக்கு அந்தப் பிள்ளையால் நடந்து போக முடிகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கும் முடியாவிட்டால், அந்தக் காணியின் உண்மையான விலை விளம்பரப் பலகையில் இருப்பதைவிட எவ்வளவு அதிகம் என்பதை அடுத்த பன்னிரண்டு வருட வேன் கட்டணத்தோடு கூட்டிப் பாருங்கள்.

2022இல் அந்தப் பரீட்சைக்கு நாம் ஆயத்தமில்லாமல் போனோம். எரிபொருள் வந்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டோம். அடுத்த தடவை எப்போது வரும் என்று நமக்குச் சொல்லிவிட்டு வராது. அதற்குள் ஒரு ஒழுங்கையிலாவது ஒரு பிள்ளை தனியாக, பயமில்லாமல், நடந்து பாடசாலைக்குப் போகும் நிலையை உண்டாக்கினால், அந்தப் பிள்ளை வரையும் வரைபடத்தில் தூங்குவதற்கு இடம் இருக்காது.