நெறிக்கட்டும் மெழுகுக் கட்டியும்

கோழிக் காலைப் பார்த்திருப்பீர்கள், வாத்துக் காலையும் பார்த்திருப்பீர்கள். கோழிக்கு விரல்கள் தனித்தனி. வாத்துக்கு நடுவில் சவ்வு ஒட்டியிருக்கும். முட்டைக்குள் உருவாகும்போது இரண்டுக்குமே அந்தச் சவ்வு உண்டு. கோழிக் குஞ்சுக்கு மட்டும் அங்கேயுள்ள செல்கள் தாமாகவே மடிந்து, விரல்கள் பிரிந்து விடுகின்றன. நம் வயிற்றில் வளரும் குழந்தையின் பிஞ்சு விரல்கள் பிரிவதும் இப்படித்தான். காலம் வந்ததும் இலை உதிர்கிற மாதிரி! 1972-ல் கெர், வைலி, கரீ என்ற மூன்று விஞ்ஞானிகள் இதற்கு 'அபாப்டோஸிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது.

சாவு என்றதும் பயப்படாதீர்கள், சகோதரிகளே! சாக வேண்டிய செல் சாகாமல் அடம் பிடித்தால்தான் வம்பு. அப்படிச் சாக விடாமல் காக்கிற புரதம் ஒன்று நம் உடம்பில் இருக்கிறது. 'பிசிஎல்-2' என்று பெயர். அளவோடு இருந்தால் நல்லது. இருக்கக் கூடாத இடத்தில் இருந்தால் வியாதி.

என் நாத்தனாருக்கு வயது 58. கழுத்தில் நெறி கட்டியிருந்தது. பல் வலியாலோ, தலைப் புண்ணாலோ இருக்கும் என்று மஞ்சள் பற்றுப் போட்டே இரண்டு மாதம் ஓடிவிட்டது. பிறகு டாக்டர் அந்த நெறியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். "சந்தேகமாக உள்ளது, இன்னொரு பரிசோதனை தேவை" என்று ரிப்போர்ட் வந்தது. வீட்டில் ஒரே சண்டை. "ஒரு தடவை கத்தி வெச்சதே போதும் சாமி! மறுபடி வெட்டினா உடம்பெல்லாம் பரவிடும்" என்றார் என் மாமியார். மகனும் தயங்கினான். டாக்டர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "மறுபடி வெட்டவே போறதில்லைங்கம்மா. எடுத்த சதையே மெழுகுல பத்திரமா இருக்கு. அதுல சீவி எடுத்துப் பார்க்கப் போறோம், அவ்வளவுதான்."

அது எப்படி என்று பார்ப்போம். எடுத்த சதையை ஃபார்மலின் திரவத்தில் போட்டு, பிறகு மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாக வைக்கிறார்கள். 'பிளாக்' என்பது இதைத்தான். அதை ஒரு மில்லிமீட்டரில் சுமார் 250-ல் ஒரு பங்கு கனத்துக்குச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். அதன் மேல் 'ஆன்டிபாடி' என்கிற எதிர்ப்புப் பொருளைச் சொட்டு விடுகிறார்கள். சீம்பாலில் நாம் குழந்தைக்குக் கொடுப்பதும், தாய்க்கோழி மஞ்சள் கருவில் குஞ்சுக்கு வைத்து அனுப்புவதும் இந்த வகைப் பொருள்தான். ஒவ்வொன்றும் தன் இலக்கை மட்டுமே தேடிப் போய் ஒட்டும், பூட்டுக்கேற்ற சாவி மாதிரி. லேபரட்டரியில் ஒரே வகை ஆன்டிபாடியை வேண்டிய மட்டும் தயாரிக்கும் வழியை 1975-ல் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். 1984-ல் நோபல் பரிசும் வாங்கினார்கள்.

பிசிஎல்-2 ஆன்டிபாடியை விட்டு, கழுவி, சாய மருந்து சேர்த்தால், அந்தப் புரதம் உள்ள இடம் பழுப்பாகத் தெரியும். காய்ச்சலாலோ, புண்ணாலோ வீங்கிய நெறியில் முடிச்சு முடிச்சாக வட்டங்கள் உண்டு. அங்கே உதவாத செல்கள் மடிய வேண்டும். ஆகையால் வட்டத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் பழுப்பாகாது. 'ஃபாலிக்குலர் லிம்ஃபோமா' என்ற நெறிப் புற்று நோயில் பெரும்பாலும் அந்த நடுவே பழுப்பாகி விடும். சுற்றியுள்ள நல்ல செல்களிலும் பழுப்பு இருக்கும் என்பதால், எங்கே இருக்கிறது என்பதைத் தேர்ந்த டாக்டர்தான் மற்றச் சோதனைகளோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாத்தனாருக்கு நடுவே பழுப்புதான். ஆனால் இது மெல்ல வளரும் வகை, எல்லாருக்கும் உடனே மருந்து தேவைப்படாது என்றார் டாக்டர். இப்போது குறித்த நாளில் போய்க் காட்டி வருகிறார். வீட்டுக்காரர்கள் பேச்சைக் கேட்டு விட்டிருந்தால், என்ன வியாதி என்றே தெரியாமல் இன்னமும் பற்றுப் போட்டுக் கொண்டிருப்போம்!

நீங்கள் நினைவில் வைக்க வேண்டியவை:

கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் நெறிக்கட்டு மூன்று வாரத்துக்கு மேல் கரையாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காசநோயாகவும் இருக்கலாம், சாதாரண வீக்கமாகவும் இருக்கலாம். ஊகித்துக் கொண்டு உட்காராதீர்கள்.

எடுத்த சதையை நீங்களே லேபுக்குக் கொண்டு போக நேர்ந்தால், ஆஸ்பத்திரியில் கொடுத்த திரவத்திலேயே இருக்கட்டும். தண்ணீரில் போடாதீர்கள்.

வேறு ஊருக்கு அனுப்பினால் ரிப்போர்ட்டோடு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்று நோய் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, அது உதவும். நம் ஊர் வெயிலில் காரில் வைத்து விடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

"இன்னொரு டெஸ்ட்" என்றதும் "காசு பிடுங்கறாங்க" என்று எழுந்து வராதீர்கள். எதற்கு, எந்தச் சதையில் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.