விசாரிக்காமல் கொடுத்த தீர்ப்பு



இம்முறை வகுப்பறை விஷயம் அல்ல, என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லப் போகிறேன். சொல்வதற்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பொறுமை பற்றிப் படிப்பிக்கிற ஒருவன், தன் பிள்ளையிடம் பொறுமை இழந்த கதை இது. உங்களில் பலருடைய வீட்டிலும் இப்படி நடந்திருக்கக் கூடும் என்பதால் சொல்கிறேன்.

கடந்த பாடசாலை விடுமுறையில் என் மூத்த சகோதரியின் குடும்பத்தார் பதுளைக்கு வந்து இரண்டு நாள் எங்களோடு தங்கினார்கள். அவர்கள் போன மறுநாள் பின்னேரம் என் இளைய மகன் வீடியோ கேம் பெட்டியைப் போட்டான். கையில் பிடித்து விளையாடுகிற, வயர் இல்லாத கொன்ட்ரோலரை அழுத்தினான். விளக்கு மினுங்கியது, அணைந்தது. திரும்பவும் அழுத்தினான். திரும்பவும் அதே கதை.

இரண்டு நாளுக்கு முன்னர் அது அவன் கையிலிருந்து தரையில் விழுந்ததை நான் கண்டிருந்தேன். எனக்கு அவ்வளவே போதுமாக இருந்தது. "நீதான் உடைத்தாய்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். "இல்லை வாப்பா, விழுந்த பிறகும் வேலை செய்தது" என்றான். அதையும் பொய் என்றேன். அன்றிரவு அவன் சாப்பிடவில்லை.

என் மனைவி அப்போது குறுக்கே பேசவில்லை. பிள்ளைகள் படுத்த பிறகு இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டார். "இது கடைசியாக எப்போது வேலை செய்தது? அதற்குப் பிறகு இதைத் தொட்டது யார்?" என்னிடம் பதில் இல்லை. உடனே சகோதரி வீட்டுக்குப் போன் எடுத்தார். மருமகன் மறைக்காமல் சொன்னான்: "புறப்படுகிற அன்று காலையில் அதை என் போனோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் விளையாடினேன் மாமி."

காரணம் அதுதான். கொன்ட்ரோலர் உடையவில்லை. அது மருமகனுடைய போனைத் தேடிக் கொண்டிருந்தது. மனைவி ஒரு வயரை எடுத்து அதை எங்கள் பெட்டியோடு இணைத்து நடுப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. வேறு வயரை எடுத்து அழுத்தினார். விளக்கு நின்று எரிந்தது. எல்லாம் ஐந்து நிமிட வேலை. ஐந்து நிமிடம் விசாரிக்காததால் ஒரு பிள்ளை பசியோடு படுத்திருந்தான்.

மகனை எழுப்பி மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கொன்ட்ரோலரை வாங்கி அலுமாரிக்குள் வைத்துவிட்டுத் திரும்பவும் படுத்துக் கொண்டான். மறுநாள் பின்னேரம்தான் என்னோடு பேசினான்.

சகோதரிகளே, இந்தச் சாமான் இன்று நம் பக்கத்து வீடுகளில் புதுமையானது அல்ல. மத்திய கிழக்கில் உழைக்கிற தகப்பன்மார் பெட்டி அனுப்பும்போது பிள்ளைகளுக்காக ஒன்று வைத்து அனுப்புகிறார்கள். சிலர் பாவித்ததை வாங்குகிறார்கள். அதோடு விளக்கப் புத்தகம் வருவதில்லை. பழுது என்று சொல்லப்படுகிற நாளில் வீட்டில் தகப்பன் இல்லை, தாய்தான் இருக்கிறார். லுணுகலையிலிருந்தோ பசறையிலிருந்தோ பஸ் ஏறிப் பதுளை டவுனுக்குக் கொண்டு வந்தால் பஸ் காசும் போகும், ஒரு நாளும் போகும். ஆகவே இதன் வழிமுறையைத் தாய்மார் அறிந்து வைத்திருப்பது நல்லது. தையல் மெஷினில் நூல் அறுந்தால் நீங்கள் மெஷினைக் குறை சொல்வதில்லை. நூல் கோர்த்த வழியைத் தொடக்கத்திலிருந்து பார்ப்பீர்கள். இதற்கும் அந்தப் பழக்கம்தான் தேவை.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ரீ.வி. ரிமோட் கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்புகிறது. முன்னால் ஒருவர் நின்றால் மறைந்துவிடும். வயர் இல்லாத பழைய கொன்ட்ரோலர்கள் சிலவும் அப்படித்தான் இருந்தன. 2002ஆம் ஆண்டு நின்டென்டோ நிறுவனம் வெளியிட்ட 'வேவ்பேர்ட்' போன்றவை வானொலி அலையால் இயங்கின. நேரே காட்ட வேண்டிய தேவை நீங்கியது. இன்றைய கொன்ட்ரோலர்களில் பெரும்பாலானவை புளூடூத் முறையில் இயங்குகின்றன. இது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைப் பகுதியைப் பாவிக்கிறது. வழமையான புளூடூத்தில் அந்தப் பகுதி 79 தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரு பக்கமும் ஒரே ஒழுங்கில் ஒரு செக்கனுக்கு 1,600 தடவை வரை தடம் மாறித் தாவும். ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தடத்தில் செய்தி போய்ச் சேரும். அலைவரிசை தாவுகிற இதுபோன்ற யோசனை ஒன்றுக்கு 1942இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இருவரில் ஒருவர் பெண். திரைப்பட நடிகையாக மட்டுமே உலகம் அறிந்திருந்த ஹெடி லமார்தான் அவர். இயந்திர விஷயம் பெண்களுக்கு விளங்காது என்று யாராவது சொன்னால் இதை ஞாபகப்படுத்துங்கள்.

ஒரு கொன்ட்ரோலரும் ஒரு பெட்டியும் ஒன்றையொன்று அறிந்து கொள்வதை 'சேர்த்தல்' என்று சொல்லலாம். பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலர் ஒரு நேரத்தில் ஒரு இடத்தையே நினைவில் வைத்திருக்கும். போனோடு சேர்த்தால் பழைய பெட்டியை மறந்துவிடும். 2019இல் வந்த அன்ட்ரொயிட் 10, ஐபோனின் ஐ.ஓ.எஸ். 13 ஆகியவற்றுக்குப் பிறகு போனோடு சேர்ப்பது மிகவும் இலகுவாகிவிட்டது. விருந்தாளிப் பிள்ளைகள் வந்து போன வீட்டில் இந்தப் 'பழுது' ஏற்படுவது அதனால்தான்.

இனி ஒழுங்காகப் பார்ப்போம். ஒன்றைச் செய்து பார்த்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்தால் எது சரிப்படுத்தியது என்று விளங்காது.

முதலாவது, சார்ஜ். பல வாரம் தொடாமல் கிடந்த கொன்ட்ரோலரின் பற்றரி முழுதாக இறங்கியிருக்கும். அரை மணித்தியாலமாவது சார்ஜில் போட்டு விட்டுப் பாருங்கள். பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலரில் சார்ஜ் ஏறும்போது செம்மஞ்சள் விளக்கு மெல்ல மெல்ல எரிந்து அணையும். எக்ஸ்பொக்ஸ் வகைகள் பலவற்றில் சுவர் மணிக்கூட்டுக்குப் போடுகிற அளவான இரண்டு பற்றரி போடவேண்டும். இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று கலக்க வேண்டாம்.

இரண்டாவது, வயர். எங்கள் வீட்டில் முதல் வயர் ஏன் வேலை செய்யவில்லை? அது டோர்ச் லைட்டோடு வந்த வயர். யூ.எஸ்.பி. வயருக்குள் வழமையாக நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு செய்திக்கு. மலிவான வயர்கள் சிலவற்றில் மின்சாரக் கம்பிகள் மட்டுமே இருக்கும். சார்ஜ் ஏறும், ஆனால் பெட்டியோடு பேசாது. போனிலிருந்து கணினிக்குப் படம் மாற்றுகிற வயர் ஒன்று இருந்தால் அதைப் பாவியுங்கள்.

மூன்றாவது, திரும்பச் சேர்த்தல். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் பெட்டியைப் போட்டு, நல்ல வயரால் கொன்ட்ரோலரை இணைத்து, நடுவிலுள்ள 'பி.எஸ்.' பொத்தானை அழுத்தினால் போதும். பிறகு வயரைக் கழற்றிவிடலாம். எக்ஸ்பொக்ஸில் பெட்டியில் ஒரு சேர்க்கும் பொத்தானும், கொன்ட்ரோலரின் மேல் விளிம்பில் ஒரு சிறிய பொத்தானும் உண்டு. பெட்டியில் உள்ளதை அழுத்திவிட்டு, கொன்ட்ரோலரில் உள்ளதை நடு விளக்கு வேகமாக மினுங்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். போனோடு சேர்க்க வேண்டுமானால், பிளேஸ்டேஷன் 4 கொன்ட்ரோலரில் 'ஷெயார்' பொத்தானையும் நடுப் பொத்தானையும் ஒன்றாக, விளக்கு வேகமாக மினுங்கும் வரை பிடித்து, போனின் புளூடூத் பட்டியலில் அதைத் தெரிவு செய்யவேண்டும்.

நான்காவது, அப்படியும் வராவிட்டால், பெட்டியை முழுதாக அணையுங்கள். கொன்ட்ரோலரின் பின்பக்கத்தில் ஊசி நுழைகிற அளவில் ஒரு துவாரம் இருக்கும். பிளேஸ்டேஷன் 4 வகையில் அது 'எல் 2' பொத்தானுக்குக் கிட்ட இருக்கிறது. மெல்லிய கம்பியால் உள்ளே இருக்கிற பொத்தானை ஐந்து செக்கன் அழுத்துங்கள். அதன் நினைவு அழிந்துவிடும். பிறகு பெட்டியைப் போட்டு மூன்றாவது படியைத் திரும்பச் செய்யுங்கள். எக்ஸ்பொக்ஸில் இந்தத் துவாரத்தைத் தேட வேண்டாம்.

விளையாட்டு இடையிடையே அறுந்தால் அது வேறு விஷயம். வைஃபை ரவுட்டரும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 பகுதியில்தான் இயங்குகின்றன. பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிற லயன் வீடுகளில் அயலவரின் ரவுட்டரும் இடைஞ்சலாகலாம். பெட்டியை இரும்பு அலுமாரிக்குள் வைக்காதீர்கள். ரவுட்டரைச் சற்றுத் தள்ளி வையுங்கள். மனித உடம்பும் இந்த அலையைத் தடுக்கும் என்பதால் குறுக்கே பிள்ளைகள் கூட்டமாக உட்காராமல் பாருங்கள். அழுத்திச் சற்று நேரம் கழித்தே திரையில் அசைகிறதென்றால், கொன்ட்ரோலரைச் சந்தேகிக்கு முன்னர் ரீ.வி.யின் படத் தெரிவுகளில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான பழுதும் உண்டு. கை வைக்காமலே திரையில் ஆள் நடந்தால் பெருவிரல் தண்டு தேய்ந்திருக்கலாம். அதைத் திருத்துபவரிடம் காட்டத்தான் வேண்டும். கொன்ட்ரோலர் வீங்கியிருந்தாலோ அதிகம் சுட்டாலோ சார்ஜில் போடவே வேண்டாம். தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றவும் விடாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் நம் மலைகளில் இடி முழங்கும்போது பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பனி இறங்குகிற ஜன்னலோரத்தில் இவற்றை வைக்காதீர்கள்.

இவற்றை எழுதுவது பிள்ளைகள் இன்னும் அதிகமாக விளையாடுவதற்காக அல்ல. எவ்வளவு நேரம், எந்த நேரம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் அந்தச் சாமானைப் பற்றி ஒன்றும் அறியாத தாயின் தீர்மானத்தைப் பிள்ளை ஏமாற்றிவிடுவான். அறிந்த தாயிடம் அவனே கொண்டு வந்து காட்டுவான். இப்போது எங்கள் வீட்டில் எது வேலை செய்யாவிட்டாலும் என்னிடம் வருவதில்லை, உம்மாவிடம்தான் போகிறார்கள். அதற்கு நான் தகுதியானவன்தான்.

கொன்ட்ரோலர் மட்டுமல்ல, கண்ணாடிக் கோப்பை உடைந்தாலும் காசு காணாமற் போனாலும் வீட்டில் சின்னவர் மேல்தான் முதலில் விரல் நீள்கிறது. விரலை நீட்டு முன்னர் அந்த இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது சரியாக இருந்தது? அதற்குப் பிறகு என்ன நடந்தது? இயந்திரத்தைத் திருத்த மறு நாளும் முடியும். பிள்ளையின் மனதில் பட்டதைத் திருத்த அதிக நாள் எடுக்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.