டாக்டரம்மாவும் காக்கிச் சட்டையும்

ஆவடியில் என் அக்கா குடியிருக்கிறாள். அந்த ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ராணுவத்துக்கு டாங்கி செய்கிறார்கள். இன்னொரு பக்கம் 1961 முதல் சீருடை தைக்கிறார்கள். தெருவுக்கு ஒருவராவது பட்டாளத்து உடுப்பைப் போட்டுக் கழற்றியவராக இருப்பார். அப்பேர்ப்பட்ட ஊரில் குடியரசு தினத்துக்கு மாறுவேடப் போட்டி வைத்தால் குழந்தைகள் வேறு என்ன வேஷம் போடும்? ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் அக்கா பெண்ணுக்குக் காப்டன் லட்சுமி வேஷம். காக்கிச் சட்டை, தொப்பி, கையில் மரத் துப்பாக்கி. சட்டைக்குப் பொத்தான் தைக்கும் உத்தியோகம் எனக்கு.

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே, "ஏண்டி, அந்த அம்மாள் யார் என்று தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியுமே! நேதாஜி பட்டாளத்திலே இருந்தாங்க சித்தி. அப்புறம் செத்துப் போயிட்டாங்க."

அந்த 'அப்புறம்' இருக்கிறதே சகோதரிகளே, அதற்குள் அறுபத்தேழு வருஷம் அடங்கியிருக்கிறது! யுத்தம் முடிந்தது 1945-ல். அந்த அம்மாள் காலமானது 2012 ஜூலை 23-ந் தேதி. பொத்தானைக் கீழே வைத்துவிட்டுக் கதை சொல்ல உட்கார்ந்தேன். அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

லட்சுமி சென்னையில் 1914 அக்டோபர் 24-ல் பிறந்தவர். தகப்பனார் எஸ். சுவாமிநாதன் பிரபல கிரிமினல் வக்கீல். தாயார் அம்மு சுவாமிநாதன் பிற்பாடு அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்தவர். தங்கை மிருணாளினி நாட்டியத்தில் பெயர் எடுத்தார். வசதிக்குக் குறைவில்லாத குடும்பம். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-ல் பட்டம் பெற்றார். 1940-ல் சிங்கப்பூருக்குப் போனார். அங்கே வைத்தியசாலை வைத்தார். வந்தவர்களில் பலர் நம் ஊரிலிருந்து பிழைக்கப் போன ஏழைத் தொழிலாளிகள்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிற்று. மறு வருஷம் ஜூலையில் நேதாஜி வந்து சேர்ந்தார். பெண்களுக்கென்று ஒரு படை வேண்டும் என்றார். லட்சுமியை அழைத்துப் பல மணி நேரம் பேசினார். மறுநாளே டாக்டரம்மா வைத்தியசாலையை மூடிவிட்டார்! ஒரு புடவை வாங்குவதற்கே நாமெல்லாம் எத்தனை கடை ஏறி இறங்குகிறோம்?

அக்டோபரில் ஜான்சி ராணி படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. வந்து சேர்ந்தவர்கள் யார்? பெரிய வீட்டுப் பெண்களும் உண்டு. ஆனால் நிறையப் பேர் மலாயா ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால் வெட்டப் போகும் தமிழ்ப் பெண்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள் பலர். இந்தியாவையே கண்ணால் பார்த்திராதவர்கள் அநேகம் பேர். துரைக்கும் கங்காணிக்கும் தலை குனிந்து பழகியவர்களை முதலில் நிமிர்ந்து நிற்கப் பழக்க வேண்டியிருந்தது. துப்பாக்கி பிடிப்பது அப்புறந்தான்.

இந்தப் பக்கம் தோட்டத்துப் பெண்கள் என்றால், அந்தப் பக்கம் ஜானகி. செல்வமாக வளர்ந்த பெண். வயது பதினாறோ என்னவோ. நேதாஜியின் பேச்சைக் கேட்டுவிட்டுக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். தகப்பனார் எவ்வளவோ தடுத்தும் கேளாமல் படையில் சேர்ந்தாள். முதல் நாள் முகாமில் வைத்த சாப்பாட்டைப் பார்த்ததும் 'ஓ'வென்று அழுதுவிட்டாளாம்! பாவம், அழாமல் என்ன செய்வாள்? ஆனால் அவளேதான் பின்னர் லட்சுமிக்கு அடுத்த இடத்துக்கு வந்தாள். மலேசியாவில் ஜானகி ஆதி நாகப்பன் என்று எல்லாருக்கும் தெரிந்தவராகி, செனட்டராகவும் இருந்து, 2014-ல் மறைந்தார்.

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெண்கள் வெள்ளைக்காரச் சிப்பாய்களை வெட்டிச் சாய்த்ததாக மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அது சரியல்ல. 1944-ல் படை பர்மாவுக்குப் போனது. ஆனால் படையாக முன்னணிப் போருக்கு அனுப்பப்படவில்லை. மேமியோவில் அடிபட்டு வந்த ஜவான்களுக்குச் சிகிச்சை செய்தார்கள். இதைச் சொன்னால் சிலருக்கு முகம் சுருங்கும். எனக்குச் சுருங்கவில்லை. மலேரியாவிலும் சீழிலும் கிடப்பவனை இரவெல்லாம் பார்த்துக்கொள்வது என்ன லேசான காரியமா?

1945-ல் பர்மாவில் ஆங்கிலேயர் லட்சுமியைச் சிறைப்படுத்தினார்கள். மறு வருஷம் மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அதற்கடுத்த மார்ச்சில், செங்கோட்டை வழக்கில் நின்ற மூவரில் ஒருவரான பிரேம் சேகலை லாகூரில் மணந்துகொண்டு கான்பூருக்குக் குடி போனார்.

இனிமேல்தான் அந்த 'அப்புறம்'. தேசப் பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்தவர்களுக்கு வைத்தியம். பிறகு வருஷக் கணக்காகப் பிரசவம், பிரசவம், பிரசவம். 1971-ல் வங்காள எல்லையில் அகதி முகாம். 1984-ல் டில்லியிலும் பிற ஊர்களிலும் சீக்கியர்களைத் தாக்கினார்கள் அல்லவா? கான்பூரில் அந்த அம்மாள் தெருவில் இறங்கி நின்று கூட்டத்தைத் தடுத்தார். அதே வருஷம் டிசம்பரில் போபால் விஷவாயு. அங்கேயும் போனார். 2002-ல் ஜனாதிபதி தேர்தலில் அப்துல் கலாமை எதிர்த்து நின்று தோற்றார். தமிழ்நாட்டில் பிறந்த இருவர் அந்தப் பதவிக்குப் போட்டியிட்டார்கள் என்று நாம் அப்போது அவ்வளவாகப் பெருமைப்பட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை!

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். தொண்ணூறு வயதைத் தாண்டியும் நோயாளிகளைப் பார்த்து வந்த அந்த அம்மாள், வைத்தியசாலை வாசலில் தெருவைத் தாமே பெருக்குவாராம். டாக்டரே பெருக்குகிற இடத்தில் குப்பை போட யாருக்குத் துணிச்சல் வரும்?

தொண்ணூற்றேழு வயதில் கண் மூடியபோது, அவர் விருப்பப்படி உடலை கான்பூர் மருத்துவக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார்கள், பிள்ளைகள் படிப்பதற்காக.

அக்கா பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "சித்தி, அப்போ கழுத்திலே டாக்டர் குழாய் மாட்டிக்கட்டுமா?" என்றாள்.

"துப்பாக்கி ஒரு கையில், குழாய் கழுத்திலா? பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்," என்று அக்கா தடுத்துவிட்டாள். "துடைப்பம்?" என்று கேட்டதற்கு ஒரு முறைப்புத்தான் கிடைத்தது.

மேடையில் மரத் துப்பாக்கியோடுதான் ஏறினாள். ஆனால் மைக்கைப் பிடித்ததும், "நான் டாக்டர் லட்சுமி," என்று ஆரம்பித்தாள். முதல் பரிசு ஒரு பாரத மாதாவுக்குப் போயிற்று.