ஆங்கிலம் பழகுவோம்: 'எப்பவும் இல்லை' என்றால் என்ன?



சென்ற இதழில் செயப்பாட்டுவினை பற்றிப் பார்த்தோம். செய்தவர் யார் என்பதைப் பின்னுக்கு விட்டு, செய்யப்பட்டது என்ன என்பதை முன்னுக்கு வைக்கும் முறை அது. நாம் வீட்டில் அப்படிப் பேசுவது குறைவு. 'கதவைப் பூட்டிப்போட்டினம்' என்போமே தவிர, 'கதவு பூட்டப்பட்டுள்ளது' என்று யாரும் குசினிக்குள் நின்று சொல்வதில்லை. ஆனால் பிரித்தானியாவில் எமது கதவடிக்கு வரும் அலுவலகக் கடிதங்கள், மருந்துப் பெட்டிகள், பாடசாலை அறிவித்தல்கள் எல்லாவற்றிலும் இந்த வினைதான் நிறைந்திருக்கிறது. இம்முறை அதற்குள் வந்து உட்காரும் சில சின்னச் சொற்களைப் பார்ப்போம். சின்னச் சொற்கள்தான், ஆனால் அவற்றால் நாம் பட்ட பாடு சின்னது அல்ல.

இங்கு வந்த முதல் மாரியில் எமது வாடகை வீட்டுப் பொயிலர் பழுதாகிவிட்டது. வீட்டுக்காரருக்குப் பல தடவை சொல்லியும் அவர் திருத்தவில்லை. அகராதியை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினோம். 'எப்பவும் திருத்திறேல்லை' என்பது எமது முறைப்பாடு. 'எப்பவும்' என்பதற்கு ஓல்வேய்ஸ், 'இல்லை' என்பதற்கு நொட். இரண்டையும் சேர்த்து இப்படி எழுதினோம்:

த பொயிலர் இஸ் நொட் ஓல்வேய்ஸ் ரிப்பெயர்ட்.

மூன்று கிழமை ஒருவரும் வரவில்லை. பிள்ளைகள் கோட்டுப் போட்டபடி படுத்தார்கள். நேரில் போய்க் கேட்டபோது அங்கிருந்த பெண்மணி எமது கடிதத்தையே எடுத்துக் காட்டினார். "சில வேளைகளில் திருத்துகிறார்கள் என்றுதானே எழுதியிருக்கிறீர்கள்?" என்றார். அவர் சொன்னது சரி. நாம் எழுதியதன் பொருள் அதுதான். எழுதியிருக்க வேண்டிய வசனம் இது:

த பொயிலர் ஹாஸ் நெவர் பீன் ரிப்பெயர்ட். ஒருதரம்கூடத் திருத்தப்படவில்லை.

இனிப் பாடத்துக்கு வருவோம். ஒரு செயல் எத்தனை தரம் நடக்கிறது என்பதைச் சொல்லும் ஆறு சொற்களை மனதில் வையுங்கள். கூடியதிலிருந்து குறைந்தது வரை அவற்றின் வரிசை இது:

ஓல்வேய்ஸ் - எப்போதும்
யூஷுவலி - வழக்கமாக
ஒஃபன் - அடிக்கடி
சம்ரைம்ஸ் - சில வேளைகளில்
ரெயர்லி - அருமையாக, எப்போதாவது
நெவர் - ஒருபோதும் இல்லை

இவை செயப்பாட்டுவினையில் எங்கே இருக்கும்? விதி ஒன்றுதான். முதலாவது துணைவினைக்கு அடுத்த கதிரை இவற்றுக்குரியது. வசனங்களை வாய்விட்டு வாசித்துப் பாருங்கள். காது பழகினால் விதி தானாக வரும்.

துணைவினை ஒன்று மட்டும் இருந்தால் அதற்கும் வினையின் மூன்றாம் வடிவத்துக்கும் நடுவில் வரும். 'கோ, வென்ற், கோன்' என்று ஊரில் பாடமாக்கினோமே, அந்த மூன்றாவது வடிவம்.

த டோர் இஸ் ஓல்வேய்ஸ் லொக்ட் அற் ரென். கதவு எப்போதும் பத்து மணிக்குப் பூட்டப்படும்.
லெற்றர்ஸ் ஆர் யூஷுவலி சென்ற் பை போஸ்ற். கடிதங்கள் வழக்கமாகத் தபாலில் அனுப்பப்படும்.

துணைவினை இரண்டு இருந்தால்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். இரண்டுக்கும் பிறகு அல்ல, முதலாவதுக்குப் பிறகே வைக்க வேண்டும்.

த ரென்ற் ஹாஸ் ஓல்வேய்ஸ் பீன் பெய்ட். வாடகை எப்போதும் கட்டப்பட்டு வந்துள்ளது.
திஸ் மெடிசின் மஸ்ற் ஓல்வேய்ஸ் பீ ரேக்கன் வித் ஃபூட். இந்த மருந்தை எப்போதும் சாப்பாட்டுடனேயே எடுக்க வேண்டும்.

'ஹாஸ் பீன் ஓல்வேய்ஸ் பெய்ட்' என்று சொன்னாலும் விளங்கிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் வழக்கமாக அப்படிச் சொல்வதில்லை.

கேள்வியாக்கும்போது துணைவினை வசனத்தின் முன்னுக்குப் போய்விடும். சின்னச் சொல் அதனோடு ஓடாது. எழுவாய்க்குப் பின்னால் நின்றுவிடும்.

இஸ் த ஹோம்வேர்க் ஓல்வேய்ஸ் மார்க்ட்? வீட்டுப்பாடம் எப்போதும் திருத்தப்படுகிறதா?

'நாளுக்கு இரண்டு தரம்', 'கிழமைக்கு ஒருமுறை' என்று எண்ணிக்கையோடு வருபவை நடுவில் வரமாட்டா. அவற்றைப் பெரும்பாலும் வசனத்தின் கடைசியில் வையுங்கள்.

இப்போது எம்மைக் குளிரில் விட்ட இடத்துக்குத் திரும்புவோம். தமிழில் 'எப்போதும் பூட்டப்படுவதில்லை' என்றால் இரண்டு விதமாக விளங்கலாம். ஒருநாளும் பூட்டுவதில்லை என்றும் கொள்ளலாம். சில நாள் பூட்டுவார்கள், சில நாள் விட்டுவிடுவார்கள் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் இந்த இரண்டையும் இரண்டு வசனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. நொட் ஓல்வேய்ஸ் என்றால் சில வேளை உண்டு, சில வேளை இல்லை. நெவர் என்றால் ஒருநாளும் இல்லை.

இன்னொரு பிழையும் எம்மிடம் உண்டு. தமிழில் 'ஒருபோதும்' என்று தொடங்கினால் 'இல்லை' என்று முடித்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தில் 'ஐ வோஸ் நொட் நெவர் ரோல்ட்' என்று சொல்லிவிடுகிறோம். நெவர் என்ற சொல்லுக்குள்ளேயே 'இல்லை' இருக்கிறது. இன்னொரு நொட் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டி, 'எனக்குச் சொல்லப்பட்டதுண்டு' என்று பொருள் மாறிவிடலாம். ஐ வோஸ் நெவர் ரோல்ட். எனக்கு ஒருபோதும் சொல்லப்படவில்லை. அவ்வளவே போதும்.

பொயிலர் விடயத்தில் போனது மூன்று கிழமை. அகதி விண்ணப்பத்துக்கான இன்ரவியூவில் போவது அதைவிடப் பெரிது. 'தடுப்பில் இருந்தபோது எப்பவும் சாப்பாடு தரேல்லை' என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். ஓரிடத்தில் அது 'ஒருநாளும் தரவில்லை' என்று பதியப்படலாம். இன்னோரிடத்தில் 'எல்லா நாளும் தரவில்லை' என்று பதியப்படலாம். சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அது முரண்பாடாகத் தெரியும். முன்னுக்குப் பின் முரண் என்பது விண்ணப்பங்களை மறுக்க எடுத்துக்காட்டப்படும் காரணங்களில் ஒன்று.

ஆகையால் உறவுகளே, அந்த இடத்தில் ஆங்கிலத்தில் கெட்டித்தனம் காட்ட வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் கட்டணமின்றித் தரப்படுவார். அவரிடம் தமிழிலேயே சொல்லுங்கள். ஆனால் அந்தத் தமிழும் தெளிவாக இருக்கட்டும். 'எப்பவும் இல்லை' என்பதை விட்டுவிடுங்கள். 'ஒருநாளும் தரவில்லை' என்றோ, 'சில நாள் தந்தார்கள், சில நாள் தரவில்லை' என்றோ, நடந்தது எதுவோ அதைப் பிரித்துச் சொல்லுங்கள். ஆங்கிலம் திருந்த முதலே, எமது மனதில் உள்ள தமிழ் வசனம் திருந்த வேண்டும். இந்த மாதப் பாடத்தின் சாரம் அதுதான்.

பயிற்சி

பிள்ளைகளோடு சேர்ந்திருந்து இவற்றை ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். அவர்கள் எம்மைத் திருத்தினால் கோபிக்க வேண்டாம்.

1. வாடகை எப்போதும் முதலாம் திகதி கட்டப்படுகிறது.
2. எனக்கு ஒருநாளும் சாவி தரப்படவில்லை.
3. பிள்ளைகள் சில வேளைகளில் மாமியால் கூட்டிச் செல்லப்படுவார்கள்.
4. இந்தக் கதவு எல்லா நாளும் பூட்டப்படுவதில்லை. சில நாள் திறந்திருக்கும்.

விடைகள்

1. த ரென்ற் இஸ் ஓல்வேய்ஸ் பெய்ட் ஒன் த ஃபேர்ஸ்ற்.
2. ஐ ஹாவ் நெவர் பீன் கிவின் எ கீ.
3. த சில்ரன் ஆர் சம்ரைம்ஸ் கலெக்ரட் பை தெயர் ஆன்ரி.
4. திஸ் டோர் இஸ் நொட் ஓல்வேய்ஸ் லொக்ட்.

நான்காவதில் நெவர் என்று எழுதியவர்கள் மனம் தளர வேண்டாம். எமது பொயிலரை நினைத்துக்கொண்டு இன்னொருமுறை வாசியுங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.