சமூக அறிவியல் வகுப்பிலும் வாசிப்பு வேண்டும்

அரசியலமைப்பின் எந்தப் பிரிவு தீண்டாமையை ஒழித்தது? 17 என்று மனப்பாடமாக எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் அந்தப் பத்தியைத் தானாகப் படித்து, அது தன் தெருவுக்கு என்ன சொல்கிறது என்று விளங்கிக்கொள்ள எத்தனை பிள்ளைகளால் முடிகிறது?

உக்கடம் வட்டாரத்தில் தூய்மைப் பணியாளர் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்கின்றன. விடியும் முன்பே வேலைக்குக் கிளம்பும் பெற்றோரால் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக்காட்ட முடியாது. டியூஷனுக்குப் பணமும் இல்லை. இவர்களுக்கு வாசிப்பு கைவர வேண்டுமானால் அது வகுப்பறையில்தான் நடக்க வேண்டும்.

2022-ல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடக்க வகுப்புகளுக்கானது. தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றை மையமாகக் கொண்டது. ஆறாம் வகுப்பில் நாகரிகம், மக்களாட்சி, உள்ளாட்சி எனக் கனத்த சொற்களோடு சமூக அறிவியல் வந்து நிற்கிறது. திணறும் பிள்ளையைத் தமிழாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது நியாயமல்ல.

இரட்டைமலை சீனிவாசன் நம் கோவையில் படித்தவர். 1939-ல் வெளிவந்த ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ நூலில் அந்த நாட்களை எழுதியிருக்கிறார். சுமார் 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்றவர்கள் பிராமணர்கள். சாதி தெரிந்துவிடுமோ என்ற அச்சத்தில் அவர் வெளியே தனித்திருந்து படித்துவிட்டு, மணி அடித்த பிறகே வகுப்புக்குள் போவார். அவர்தான் 1893-ல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் அனைவருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1930-ல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் அமர்ந்தார். இந்த வரலாற்றைக் கோவைப் பிள்ளைகள் தாங்களே படித்தறிய வேண்டாமா?

நாம் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. சமூக அறிவியல் பாடவேளையில் பத்து நிமிடம் வாசிப்புக்கு ஒதுக்குங்கள். கடினமான சொற்களை முதலில் கரும்பலகையில் எழுதி விளக்குங்கள். ஆசிரியர் ஒரு பத்தியை உரக்கப் படிக்கட்டும். பிள்ளைகள் விரல் வைத்துத் தொடரட்டும். பிறகு இருவர் இருவராகப் படிக்கட்டும். உள்ளாட்சிப் பாடத்தைத் தங்கள் வார்டு, தண்ணீர்க் குழாய், குப்பை வண்டியிலிருந்து தொடங்கட்டும். திணறுகிறவரைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பாதீர்கள். பூட்டிக் கிடக்கும் நூலக அலமாரியைத் திறந்துவிடுங்கள்.

பெற்றோரே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். “எங்கள் பிள்ளை எத்தனை மார்க்?” என்பதோடு நிறுத்தாமல், “பாடப் புத்தகத்தைத் தானாகப் படிக்கிறதா?” என்றும் கேளுங்கள். மாணவர்களே, தம்பி தங்கைக்குத் தினமும் ஒரு பக்கம் படித்துக்காட்டுங்கள். உரிமை என்ன என்று படித்தறிந்தவரை எளிதில் ஏமாற்ற முடியாது.