'ஆக்ரோஷம்' என்பது விவரணை அன்று

விலங்குகள் காப்பகத்தில் ஒப்படைக்கப்படும் நாயைப் பற்றி முதல் நாளில் எழுதப்படும் ஒரு சொல், அதன் எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானித்துவிடுகிறது. 'ஆக்ரோஷமானது' என்றோ 'சாதுவானது' என்றோ படிவத்தில் குறிப்பவர், தாம் கண்டதைப் பதிவு செய்வதாகவே நம்புகிறார். உண்மையில் அவர் எழுதுவது, கண்டதிலிருந்து தாம் ஊகித்த முடிவு. தரவு வேறு, முடிவு வேறு என்று முதலாண்டு மாணவருக்குக் கற்பிக்கும் கல்வியுலகம், ஓர் உயிரின் மீது இவ்விரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுவதைக் கண்டும் வாளாவிருப்பது முறையன்று.

ஃபீனிக்ஸ் பேயை எடுத்துக்கொண்டால் இச்சிக்கல் தெளிவாகப் புலப்படும். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரில், தீவுகளுக்கிடையே செல்லும் படகுகள் புறப்படும் துறை அது. பணிமாற்றத்தில் வருவோரும் போவோரும் மிகுந்த நகரம் அது. சென்னைக்குக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் பயணம். தமிழ்க் குடும்பம் ஒன்று பணிமாற்றம் பெற்றுப் புறப்படுகிறது. நாயைக் கொண்டுசெல்ல வழியின்றிக் காப்பகத்தில் ஒப்படைக்கிறது என்று கொள்க. கூண்டுக்குள் விடப்பட்ட நாய் மூலையில் ஒடுங்குகிறது, வாலைக் கால்களுக்கிடையே இடுக்குகிறது, உணவைத் தொடுவதில்லை. பணியாளர் இந்தியில் 'பைட்' என்கிறார், அது அமர்வதில்லை. கையை நீட்டுகிறார், அது உறுமுகிறது. படிவத்தில் இரு குறிப்புகள் ஏறுகின்றன: 'கட்டளைக்குப் பணியாது', 'ஆக்ரோஷமானது'.

முதற்குறிப்பை முதலில் நோக்குவோம். அந்த நாய் பிறந்தது முதல் 'உக்காரு', 'வா', 'சாப்பிடு' என்ற சொற்களையே கேட்டு வளர்ந்தது. புடாபெஸ்ட் நகரின் ஏட்வெஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தில் லாரா குவாயாவும் உடன் ஆய்வாளர்களும் 18 நாய்களின் மூளையைக் காந்த அதிர்வுப் படமெடுத்து ஆராய்ந்து, 2022இல் முடிவை வெளியிட்டனர். பழகிய மொழிக்கும் பழகாத மொழிக்கும் நாய்களின் மூளை வெவ்வேறு விதமாக வினையாற்றுவதை அவ்வாய்வு காட்டியது. இந்தி பொதுமொழியாகவும் தமிழ், வங்காளம், தெலுங்கு, மலையாளம் ஆகியவை வீட்டுமொழிகளாகவும் வழங்கும் ஒரு நகரில், 'இந்த நாய் எம்மொழி பேசும் வீட்டிலிருந்து வந்தது?' என்பது படிவத்தின் முதல் வினாக்களுள் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அதைக் கேளாமல் எழுதப்படும் 'பணியாது' என்ற குறிப்பு, மதிப்பிட்டவரின் மொழியைப் பற்றிய தகவலேயன்றி நாயைப் பற்றிய தகவலாகாது.

இரண்டாம் குறிப்பு இதனினும் கொடியது. புதிய இடத்தின் முதல் நாள்களில் நாயின் உடலில் நிகழ்வது அளந்தறியப்பட்ட ஒன்று. மைக்கேல் ஹென்னஸியும் குழுவினரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்கு வந்த முதல் மூன்று நாள்களில் இருந்த நாய்களின் குருதியில், ஒன்பது நாள்களுக்கு மேல் தங்கிவிட்ட நாய்களைக் காட்டிலும் கார்ட்டிசால் மிகுந்திருந்தது. லிசா கன்டர் முதலானோரின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், காப்பக நாய்களை ஓரிரு இரவு ஒரு வீட்டில் தங்கவைத்தபோது அவ்வளவு குறைந்தது. திரும்பக் கொண்டுவந்தபோது பழைய நிலைக்கே ஏறியது. முதல் நாள் மதிப்பீடு அளப்பது நாயின் இயல்பை அன்று. கூண்டு அதற்கு என்ன செய்கிறது என்பதையே அளக்கிறது. மக்கள் தாம் நோக்கப்படாதபோது எவ்வாறு பேசுகின்றனர் என்பதை அறிய விரும்பும் மொழியியலாளர், அதை நோக்கியே அறிய வேண்டியிருக்கும் இடர்ப்பாட்டை வில்லியம் லபோவ் 'நோக்குநர் முரண்' எனச் சுட்டினார். அவ்விடர்ப்பாட்டை மனிதப் பேச்சுக்கு ஏற்கும் கல்வியுலகம், நாயின் உறுமலுக்கு மட்டும் அதை மறந்துவிடுகிறது.

முறைப்படுத்தப்பட்ட சோதனைகள் இக்குறையைப் போக்கும் என்பர் சிலர். நெகிழிக் கையொன்றை உணவுக் கிண்ணத்துக்குள் நீட்டிப் பார்க்கும் சோதனை மேலைநாட்டுக் காப்பகங்களில் பரவலாக இருந்தது. கேரி பாட்ரோனெக், ஜானிஸ் பிராட்லி இருவரும் 2016இல் எழுதிய கட்டுரை, இத்தகைய சோதனைகளின் பயன் நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிட மேலானதன்று என வாதிட்டது. அவ்வாதத்தின் கணக்கை எவரும் போட்டுப் பார்க்கலாம். 100 நாய்களில் 10 மெய்யாகவே ஆபத்தானவை என்றும், சோதனை பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லும் என்றும் கொள்க. ஆபத்தான பத்தில் எட்டு பிடிபடும்; ஆபத்தற்ற தொண்ணூறில் பதினெட்டும் சேர்ந்து பிடிபடும். முத்திரை குத்தப்பட்ட 26 நாய்களில் 18 குற்றமற்றவை. இத்தனைக்கும் இது நல்ல சோதனையைப் பற்றிய கணக்கு. முதல் நாளில் ஒருவர் கையை நீட்டிப் பார்ப்பது சோதனை என்ற பெயருக்கே உரியதன்று.

இந்த முத்திரையின் விலை அண்மையில் உயர்ந்துள்ளது. தில்லித் தலைநகர்ப் பகுதியின் தெருநாய்கள் அனைத்தையும் காப்பகங்களில் அடைக்க 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று மூவர் அமர்வு அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. ரேபிஸ் தாக்கியவை, தாக்கியிருக்கலாம் என ஐயுறப்படுபவை, ஆக்ரோஷமாக நடந்துகொள்பவை ஆகியவற்றுக்கு விலக்களித்தது. வழக்கின் எல்லைக்குள் எல்லா மாநிலங்களும் ஒன்றியப் பகுதிகளும் கொண்டுவரப்பட்டன. 'ஆக்ரோஷம்' என்றால் என்ன என்பதை மட்டும் ஆணை வரையறுக்கவில்லை. வரையறையற்ற ஒரு சொல் வாழ்நாள் சிறைக்குப் போதுமான காரணமாகிவிட்டது. அவ்வாணை தெருநாய்களைப் பற்றியது எனினும், கைவிடப்பட்ட வீட்டுநாய் மறுநாளே தெருநாய்தான். படிவத்தில் ஏறிய சொல்லும் அதனுடனேயே செல்லும்.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. 'வெறிநாய்' என்னும் சொல் நோய்ப்பட்ட நாயையும் குறிக்கிறது. சீறும் நாயையும் குறிக்கிறது. அச்சத்தால் உறுமும் நாயை 'வெறிநாய்' என்று ஒருவர் சொன்ன கணமே, கேட்பவர் மனத்தில் ரேபிஸ் மரணம் எழுகிறது. இந்தியாவில் ரேபிஸ் பரவல் பற்றிய தேசிய வழிகாட்டுதல்கள் அந்தமான் நிக்கோபாரையும் இலட்சத்தீவையும் நெடுங்காலமாக விதிவிலக்காகவே குறித்து வந்துள்ளன. தடுப்பூசி வேண்டா என்பது இதன் பொருளன்று. நோய் நுழையாமல் காப்பதற்கே அது வேண்டும். எனினும் நோய் வேரூன்றாத தீவிலும் பெருநிலத்தின் அச்சம் சொல்லோடு சேர்ந்து கரையேறிவிட்டது.

உறுமும் நாய்க்காவது ஒரு முத்திரை கிடைக்கிறது. அசையாத நாய்க்குக் கிடைப்பது 'சாது' என்னும் பாராட்டு. தப்ப வழியற்ற துன்பத்துக்குள்ளான நாய்கள் வழி திறந்த பின்னும் முயலாமல் கிடந்ததை மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967இல் பதிவு செய்தனர். கூண்டின் பின்சுவரை நோக்கிப் படுத்து, தொட்டாலும் அசையாத நாய் அமைதியாக இருப்பதாகக் கொள்ள இயலாது. அதனை ஒரு வீட்டுக்குத் தத்துக் கொடுத்து, மூன்றாம் வாரத்தில் அது குழந்தையைக் கடித்தால், 'நம்பிக்கைத் துரோகம்' என்பர். மதிப்பீடு செய்யாத பிழை அப்போதும் நாயின் தலையிலேயே விழும்.

எதை எழுத வேண்டும் என்பதற்குத் தமிழ் மரபிலேயே ஒரு நல்ல தொடக்கம் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்தை ஓர் ஒற்றைக் குணமாக விட்டுவிடவில்லை; அது எதனால் பிறக்கிறது என்று வினவி அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களை வகுக்கிறது. மாந்தரின் அச்சத்தைப் பற்றிய அப்பகுப்பில் விலங்கு அஞ்சப்படும் பொருளாகவே இடம்பெறுகிறது. அதனைத் திருப்பி நாயின் பக்கத்திலிருந்து வினவினால் நான்கும் பயன்படும். இன்னதென அறியவொண்ணாத ஓசைக்கும் நாற்றத்துக்கும் அஞ்சுகிறதா? பக்கத்துக் கூண்டின் நாய்க்கா? அயலாருக்கா? தன்னை வளர்த்தவரைப் போன்ற தோற்றமோ குரலோ உடையவருக்கா? இவ்வினாக்களுக்கு ஒரே சொல்லில் விடை எழுத முடியாது. ஆறடி தொலைவில் நின்றபோது உண்டது, மூன்றடிக்கு வந்தபோது மூக்கை நக்கித் தலையைத் திருப்பியது, கை நீண்டபோது உறுமியது, கை விலகிய இரண்டு நிமிடத்தில் உறுமல் நின்றது என்றே எழுத வேண்டியிருக்கும். அதுவே விவரணை. அடுத்து வருபவர் அதனைச் சரிபார்க்கலாம், மறுக்கலாம். 'ஆக்ரோஷமானது' என்பதை எவரும் சரிபார்க்க இயலாது.

இதற்கெல்லாம் காப்பகங்களில் ஆளும் நேரமும் ஏது என்ற எதிர்வாதம் நேர்மையானது. ஆயின் தொலைவு, செயல், நேரம் ஆகியவற்றை எழுத ஐந்து நிமிடம் போதும். தவறாக அடைக்கப்பட்ட ஒரு நாயைப் பத்தாண்டு பேணுவதே பெருஞ்செலவு. கடிபடும் குழந்தைகளைப் பற்றிய கவலையும் நேர்மையானதே. நாய்க்கடியின் பின்னே பெரும்பாலும் அச்சமே இருக்கிறது. ஆகவே அச்சத்தைத் துல்லியமாக அறிவதுதான் குழந்தைக்கும் காப்பு. 'பாவம், அன்பு காட்டினால் சரியாகிவிடும்' என்று முதல் நாளிலேயே அணைக்க முனையும் விலங்குநேயரும் இதனை உணர்வது நன்று. கண்டவற்றை எழுதும் உழைப்பை, முத்திரையைப் போலவே அந்தப் பரிவும் தட்டிக்கழிக்கிறது.

இன்னொரு பிழை வாயிலிலேயே நிகழ்கிறது. நாயை ஒப்படைக்க வருபவரைக் கொடியவர் என ஏசுவது வழக்கமாகிவிட்டது. விலங்கைக் கைவிடுவதற்கு 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதல்முறை விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 50 ரூபாய். இந்நிலையில் நாயை இரவோடிரவாகத் துறையருகே விட்டுவிட்டுக் கப்பலேறாமல் காப்பகம் தேடி வந்தவர், அந்நாயைப் பற்றி அறிந்த ஒரே தகவலாளர். ஏசினால் அவர் பொய் சொல்வார், 'கடித்ததுண்டா?' என்று கேட்டால், ஏற்க மறுப்பார்களோ என அஞ்சி 'இல்லை' என்பார். கடைசியாக எப்போது உறுமியது, அப்போது யார் எங்கே நின்றனர், இடி இடித்தால் எங்கே ஒளியும், யார் கையால் உண்ணும், வீட்டில் எம்மொழி என்று கேட்டால் கதை கதையாகச் சொல்வார். களப்பணி செய்த எந்த ஆய்வாளருக்கும் இது புதிதன்று.

ஆகவே கோரிக்கை எளியது. படிவத்திலிருந்து 'ஆக்ரோஷம்', 'சாது' என்னும் இரு கட்டங்களையும் நீக்குக. அங்கே வெற்று வரிகளை விடுக. முதல் மூன்று நாள்களின் குறிப்பை முடிவாகக் கொள்ளாது, பத்தாம் நாளிலும், இயன்றால் ஒரு வீட்டில் தங்கவைத்தும் மீண்டும் எழுதுக. நீதிமன்றத்தின் முன் அச்சொல்லுக்கு வரையறை கேட்பது வழக்கறிஞர் பணி. அதற்கு வேண்டிய விவரணை முறையை வகுத்துத் தருவது பல்கலைக்கழகங்களின் பணி. கால்நடை மருத்துவம், உளவியல், மொழியியல் ஆகிய மூன்று துறைகளும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஒரு பக்கப் படிவத்தை ஒரு மாதத்தில் உருவாக்கிவிடலாம். இதுவரை அவை அமரவில்லை.