கவலைக்கும் கணக்கு உண்டு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாட்டுங்கா லேபர் காம்பிலிருந்து அன்பர் ஒருவர் நம்மைக் காண வந்தார். நெல்லைச் சீமையிலிருந்து இளமையிலேயே இந்நகருக்கு வந்து, தாராவியில் ஒரு பட்டறையில் பொறுப்பான வேலையில் இருப்பவர். பொங்கல் விழாவுக்கு நன்கொடை திரட்ட முதலில் கிளம்புகிறவரும் அவரே. அப்படிப்பட்டவர் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்துவிட்டு, கையிலிருந்த மஞ்சள் துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். எல்லாம் கடன் சம்பந்தமான கடிதங்கள். பாதிக்குமேல் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"அண்ணாச்சி, எட்டு மாதமாய் இராத்திரியில் உறக்கம் இல்லை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது," என்றார்.

மொத்தம் எவ்வளவு என்று கேட்டோம். ஏழு லட்சம் இருக்கும், எட்டும் இருக்கலாம் என்றார். அவரது இசைவுடன்தான், ஆளை அடையாளம் காண இயலாதபடி, இதனை எழுதுகிறோம்.

ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பாங்குக் கடனில் மீதி 1,90,000 ரூபாய். கடன் அட்டையில் 62,000. மனைவியின் வளையல்மேல் வாங்கிய நகைக்கடன் 85,000. எடுத்துவிட்ட சீட்டில் இன்னும் கட்டவேண்டிய பதினான்கு தவணைகள், தவணைக்கு ஐயாயிரமாக 70,000. மைத்துனரிடம் கைமாற்று 50,000. கைபேசிக் கடன் செயலி ஒன்றில் 18,000. கூட்டினால் 4,75,000 ரூபாய் வந்தது. இது சிறிய தொகை என்று நாம் சொல்லமாட்டோம். பட்டறைச் சம்பளக்காரருக்கு அது மலைதான். ஆயினும் எட்டு மாதமாக அவரை அரித்துக்கொண்டிருந்த எட்டு லட்சத்தில் மூன்று லட்சத்துக்குமேல் வெறும் இருட்டு என்பது அன்று மாலை தெரிந்தது. அவரே நோட்டை வாங்கி மீண்டும் ஒருமுறை கூட்டிப் பார்த்தார்.

இன்னொன்றும் தெரிந்தது. எல்லாக் கடனுக்கும் சமமாகவே அவர் அஞ்சிக்கொண்டிருந்தார். ஆனால் கடன்கள் எல்லாம் ஒரே சாதி அல்ல. நகைக்கடனுக்குப் பாங்கில் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தை ஒட்டிய வட்டி. கடன் அட்டைக்கோ மாதத்துக்கு மூன்றரை! 62,000 ரூபாய்க்கு மாத வட்டி மட்டும் 2,170. மாதந்தோறும் 'குறைந்தபட்சத் தொகை' என்று அச்சிட்டு வருகிறதே, அந்த நூற்றுக்கு ஐந்தாகிய 3,100 ரூபாயை அவர் தவறாமல் கட்டி வந்திருக்கிறார். அதில் வட்டி போக அசலில் கழிவது 930; வட்டிமேல் விதிக்கும் வரியையும் தள்ளினால் இன்னும் குறைவு. ஒழுங்காகக் கட்டியும் கடன் குறையவில்லையே என்று தம் விதியை நொந்துகொண்டிருந்தார். விதி அன்று; பெருக்கல் கணக்குதான். முதலில் அட்டையை அடைக்கவேண்டும் என்பது அந்த நோட்டைப் பார்த்தவுடன் அவருக்கே விளங்கிவிட்டது.

ஆனால் அவர் முதலில் அடைக்க எண்ணியிருந்தது வேறு: அந்தப் பதினெட்டாயிரத்தை. தொகை சிறிதுதான், மிரட்டல் பெரிது. கடன் தரும்போதே செயலி அவரது கைபேசியிலிருந்த பெயர்ப் பட்டியல் முழுவதையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. தவணை தவறிய நாலாம் நாளே, "உங்கள் ஊரில் இன்னின்னார்க்குச் சொல்லிவிடுவோம்" என்று குரல் வந்ததாம். அதற்கு அஞ்சி ஒரு செயலிக் கடனை அடைக்க இன்னொரு செயலியில் வாங்கி, அதற்காகச் சீட்டைத் தள்ளி எடுத்து, இப்படியே வளர்ந்திருக்கிறது.

நேயர்கள் இதனைச் சற்றே கூர்ந்து நோக்கவேண்டும். நகைக்கடனுக்கு ஈடு வளையல். இந்தக் கடனுக்கு ஈடு என்ன? அவருடைய வெட்கம். மனைவிக்கும் ஊருக்கும் தெரியக்கூடாது என்னும் அந்த ஒன்றை நம்பித்தான் அந்நிறுவனம் பணம் கொடுத்திருக்கிறது.

பம்பாய்த் தமிழரிடம் இந்த ஈடு நிறையவே உண்டு. இங்கே தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய சந்தில் பத்துக்குப் பத்து அறையில் ஐந்து பேர் படுத்திருப்போம். ஊரில் நம் பெயர் 'பம்பாய்க்காரர்'. அம்மன் கொடைக்கு வரி மற்றவர்க்கு ஒரு பங்கு என்றால் நமக்கு இரண்டு பங்கு. அண்ணன் மகள் சடங்குக்குச் சீர், பங்காளி வீட்டு மொய், பாதியில் நிற்கும் மாடிக்குச் சிமெண்டு. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வெறுங்கையோடு இறங்க முடியுமா? இந்த அன்பரின் பாங்குக் கடனில் பெரும்பகுதி அந்த மாடிக்குப் போனதுதான். அதில் இன்று குடியிருப்போர் ஒருவரும் இல்லை. உறவுக்குச் செய்வது தவறு என்று கூறவரவில்லை. செய்யாமற்போனால் நாமும் மனிதரல்லோம். ஆனால் கடன் வாங்கிச் செய்கிறோம் என்பதை உறவினரிடம் மறைப்பதில் என்ன பெருமை இருக்கிறது?

சட்டம் அவர் பக்கம் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியாது. கடன் செயலிகள் கைபேசியின் பெயர்ப் பட்டியலைத் தொடலாகாது என்று 2022-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் பாங்கு விதித்திருக்கிறது. காலை எட்டு மணிக்கு முன்பும் இரவு ஏழுக்குப் பின்பும் கடனைக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தல் கூடாது என்பதும் அதே ஆண்டில் வந்த கட்டளை. படம் காட்டி மிரட்டினால் 1930 என்னும் எண்ணில் முறையிடலாம். பாங்கின்மேல் குறை எனில் முதலில் பாங்குக்கு எழுதி, முப்பது நாளில் தக்க விடை வராவிடில் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். வழி கேட்க 14448.

இது இவ்வாறிருக்க, கடனே இல்லாத செம்பூர் அன்பர் ஒருவர், ஓய்வு பெற்ற குமாஸ்தா, வேறொரு கவலையை நமக்கு எழுதியிருக்கிறார். சேமிப்பனைத்தும் ஒரே கூட்டுறவு பாங்கில் இருக்கிறதாம். நள்ளிரவில் அதை எண்ணி விழித்துக்கொள்கிறாராம். இது வீண் அச்சமா என்று கேட்கிறார். வீண் என்று தள்ள மாட்டோம். இதே நகரில் 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு பாங்கின்மேல் ரிசர்வ் பாங்கு கட்டுப்பாடு விதித்தபோது, கணக்கு ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்குமேல் எடுக்க இயலாது என்று முதலில் அறிவிக்கப்பட்டது. வரம்பு படிப்படியாக உயர்ந்தது. 2022 ஜனவரியில் அந்த பாங்கு வேறொன்றுடன் இணைக்கப்பட்டது. இடையில் வாசலில் நின்று அழுத முதியோரை நாம் அனைவரும் கண்டோம். வைப்பாளர் சிலர் மாண்ட செய்தியும் வந்தது.

ஆகவே அவர் செய்யவேண்டியது பிரித்து வைத்தல். 1960-இல் பாலாய் சென்ட்ரல் பாங்கு முறிந்ததன் பின், 1962 ஜனவரி முதல் நாளன்று வைப்புத்தொகைக் காப்புறுதி நம் நாட்டில் வந்தது. அப்போது காப்பு 1,500 ரூபாய். 2020 பிப்ரவரியில் அது ஐந்து லட்சமாக உயர்ந்தது. ஒரு பாங்கில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம். அதற்கு மேற்பட்டதை இன்னொரு பாங்குக்கு மாற்றிவிட்டு அன்பர் உறங்கலாம். பக்கத்துத் தெருவில் நம்பிக்கையின்பேரில் கட்டும் பதிவற்ற சீட்டுக்கு இந்தக் காப்பு கிடையாது என்பதையும் உடன் சொல்லிவைக்கிறோம்.

கணக்கு எழுதினால் கவலை எல்லாம் தீர்ந்துவிடும் என்று நாம் சாதிக்கவில்லை. பசியின்றி, உறக்கமின்றி, உயிரே பாரமாகத் தோன்றும் நிலைக்கு வந்தவருக்கு நோட்டும் பேனாவும் போதா. அரசினர் நடத்தும் டெலி மானஸ் என்னும் மனநலத் தொலைபேசியை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள். அங்கே பேசுவது பைத்தியக்காரர் செயல் என்று எண்ணுகிறவர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போகிறவர்தாமே அவர்களும்!

லேபர் காம்பு அன்பரிடம் நாம் ஒன்றுதான் வேண்டிக்கொண்டோம்: அந்த நோட்டை அன்றிரவே மனைவியிடம் காட்டவேண்டும். அதற்குத்தான் அவர் மிகவும் தயங்கினார். இரண்டு வாரம் கழித்து வந்து நடந்ததைச் சொன்னார். அம்மையார் நோட்டை முழுவதும் படித்துவிட்டு, "தீபாவளியிலிருந்தே தெரியும். எவ்வளவு என்றுதான் தெரியாது. வேறு ஏதோ நோய் என்று அல்லவா பயந்துகொண்டிருந்தேன்," என்றாராம். பிறகு கோபமும் வந்திருக்கிறது. இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவரே மைத்துனரை அழைத்து, கைமாற்றுக்கு ஓராண்டுத் தவணை கேட்டிருக்கிறார். மிரட்டல்காரன் மறுபடி அழைத்தபோது, ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொள் என்று அம்மையாரே விடை கொடுத்தாராம்.

இந்த ஆண்டு கொடைக்கு அவர்கள் ஊருக்குப் போகவில்லை. ஒரு பங்கு வரி மட்டும் அனுப்பினார்கள். பிரிக்காத உறை இப்போது வீட்டில் ஒன்றும் இல்லை. மஞ்சள் பையில் அம்மையார் காய்கறி வாங்கி வருகிறார்.